இனம் எண் நாற்பத்தேழு

மஞ்சக்குட்டை தாண்டி, காபிச் செடிகளுக்கு நடுவே
கடனில் மூழ்கிய பங்களா.
வங்கி அனுப்பிய ஆள் நான்.
சாப்பாட்டு மேசை ஒன்று. நாற்காலி எட்டு,
ஒன்றுக்குக் கால் ஆட்டம்.
காட்டெருமைக் கொம்பு ஒரு ஜோடி.
ஓடாத கடிகாரம், ஓடுகிற ஃப்ரிட்ஜ்.
சாவிக்கொத்தோடு பின்னாலேயே வந்தாள் செலஸ்டினா.
நாற்பத்தாறு வரைக்கும் ஒரு சிக்கலும் இல்லை.

மாடிப்படி திரும்புகிற இடத்தில்
அவள்.

கண்ணாடிக்குப் பின்னால்
யாரும் கூப்பிடாத பக்கம் பார்த்து
உட்கார்ந்திருந்தாள்.
குங்குமச் சிவப்பில் அங்கி,
அதில் கழுத்திலிருந்து பாதம்வரை மேகம் மேகமாகப் பூவேலை.
கிரீடத்தில் மீன்கொத்தி நீலம்.
அங்கிருந்து முத்துச் சரம் தோளுக்கு இறங்கி
அசையாமல் நின்றது,
அசைந்தால் குற்றமென்று
யாரோ சொல்லிவைத்த மாதிரி.
கைகள் தெரியவில்லை.
எந்த வேலையும் செய்ய வேண்டாம் என்பதற்கு
அவ்வளவு துணி.

"யாரும்மா இது?"
"சீனத்து அரமனைப் பொம்பளைன்னு முதலாளி சொல்வாரு.
ராணியா, ராணிக்குத் தோழியான்னு
அவருக்கே தெரியாது.
நான் தெரேசுன்னு கூப்பிடுவேன்.
பதில் பேசாது. அதனால சண்டையும் இல்ல."

படிவத்தில் ஒரு கட்டம்: எதனால் ஆனது.
நான் அம்மாபேட்டைக்காரன்.
பட்டென்று வாயால் சொன்னால் நம்பமாட்டேன்.
சட்டத்தைக் கழற்றி
ஓரத்தில் பிரிந்து தொங்கிய ஒற்றை இழையைக் கிள்ளித்
தீக்குச்சியில் காட்டினேன்.
உருகவில்லை. சுருண்டது.
விரலில் தேய்த்தால் கரி பொடியாய் உதிர்ந்தது.
பட்டு எரிந்தால் முடி கருகும் வாசனை வரும்,
ஆயிரம் தடவை முகர்ந்த மூக்குதான்.
ஆனாலும் அந்தப் படியில் நிற்கும்போது
ஒரு பெண்ணின் தலைமுடி கருகியது.
செலஸ்டினா தன் கொண்டையைத்
தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

'அசல் பட்டு' என்று எழுதினேன்.
எழுத்து கொஞ்சம் கோணிவிட்டது.

அடுத்த கட்டம்: சேதம்.
கண்ணாடி இல்லாமல் பார்த்தபோதுதான் தெரிந்தது,
இடது சட்டைக்கையில் உள்ளங்கையளவு இடம்
மற்றதைவிடக் கூடுதலாய் மினுங்கியது.

"பூசணம் தின்னுருச்சு சார்.
போன மழைக்கு முந்துன மழை.
ஒண்டிக்கடையில நகப்பாலிஷ் மூணு பாட்டில் வாங்குனேன்.
நாலாவதுக்கு அதே கலர் கெடைக்கல."

குனிந்தேன்.
சட்டைக்கை முடிகிற இடத்தில்,
ஓவியன் விட்டுப்போன வெறுமையில்
குன்றிமணியைவிடச் சின்னதாய்
ஐந்து சிவப்புப் புள்ளிகள்.

"அது?"

சாவிக்கொத்தில் ஒரு சாவியைத் தேடுகிறவள் போலத்
தலையைத் தாழ்த்திக்கொண்டாள்.
"மிச்சம் இருந்துச்சு சார்.
இத்தனை வருசமா கையில்லாம உக்காந்திருக்கே,
நகமாவது வெளிய தெரியட்டும்னு."

அவள் விரல்களைப் பார்த்தேன்.
ஒட்ட வெட்டிய நகம். காபிப் பழக் கறை.
ஒன்றிலும் சாயம் இல்லை.

நகப்பாலிஷ் பூசிய படத்துக்கு
ஏலத்தில் ஒருவரும் கை தூக்கமாட்டார்கள்.
இதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.
சன்னல் வழியாக மூடுபனி நுழைந்து
கொம்பு, கடிகாரம், எட்டு நாற்காலி என்று
என் பட்டியலை ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டு வந்தது.
சிவப்பு மட்டும் கடைசிவரை தெரிந்தது.
"கண்ணாடியப் போட்டுரலாமா சார்?
ஈரம் ஆகாது அதுக்கு."
ஒரு பக்கம் அவள் பிடித்தாள், ஒரு பக்கம் நான்.

இருபது கொண்டை ஊசி வளைவு.
ஒவ்வொன்றிலும் ஃபைல் மடியிலிருந்து சரிந்தது.
டிரைவர் காளியண்ணன்
மாம்பழ விலை பேசிக்கொண்டே வந்தான்.
சேதம் என்ற கட்டம் காலியாகவே கிடந்தது.
அது சேதமா, திருத்தமா,
அல்லது வேறு ஏதாவதா,
அதற்கு வங்கி கட்டம் போடவில்லை.

கோரிமேட்டில் வண்டியை நிறுத்தி
டீ கிளாஸை வாய்க்குக் கொண்டுபோனேன்.
விரலில் இன்னும்
அந்த முடி.